சூடு இழுக்கும்

மே மாதம், அம்பத்தூரில் தகரக் கூரை போட்ட ஷெட், அக்னி நட்சத்திர வெயில், அதில் ஃபேனையும் நிறுத்திவிட்டு வேலை செய்ய வேண்டும். வேறு வழியில்லை. சிஓடூ வெல்டிங்கில் டார்ச் முனையில் வருகிற கேஸ்தான் உருகின இரும்பில் காற்று படாமல் காப்பாற்றுகிறது. ஃபேன் காற்று அதைத் தள்ளிவிட்டால் வெல்டுக்குள் குமிழ் குமிழாக ஓட்டை விழுந்துவிடும். கிரில் கேட்டுக்கு அது பரவாயில்லை, பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும். அன்றைக்கு மேஜை மேல் கிடந்தது ஒரு காரின் சேஸிஸ், அதாவது மொத்த வண்டியும் உட்காரும் அடிச்சட்டம், ஆள் உட்கார்ந்து ஓட்டப்போகிற வண்டி.

1930-ம் வருட ஃபோர்டு மாடல் ஏ. ஃபோர்டு கம்பெனி 1927-லிருந்து 1931 வரை நாற்பத்தெட்டு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய கார். எங்களிடம் வந்தது காராக இல்லை. செங்கல்பட்டு பக்கம் ஒரு தோப்பில் பல வருடம் மண்ணில் கிடந்த சேஸிஸும், டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தகரமும் மட்டும்தான். இன்ஜின் இல்லை, பாடி இல்லை, ஆர்சி புக்கும் இல்லை. கொண்டுவந்த சாருக்கு அதை ஹாட் ராட் ஆக்க வேண்டும், அவருடைய தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கலிஃபோர்னியாப் பையன்கள் இப்படிப் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, பாரத்தைக் கழற்றி எறிந்து, காய்ந்த ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். அங்கிருந்து வந்த பழக்கம் இது.

தோட்டத்துக்குள் என்று சொன்னதால்தான் எங்கள் அண்ணன் ஒப்புக்கொண்டார். கம்பெனி செய்த அமைப்பை மாற்றிவிட்டு ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் கொடுக்காது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021-ல் வந்த வின்டேஜ் விதியும், ஐம்பது வருடம் தாண்டிய வண்டி சேஸிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால்தான் அந்தப் பதிவைக் கொடுக்கும். ஒருமுறை வெட்டினால் அந்த வழி போச்சு. போன வருடம் ஒருவர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கொண்டுவந்தார், வண்டலூர் பக்கம் நம்ம ஊரிலேயே செய்த கார், சேஸிஸ் தனி பாடி தனி, வெட்டுவதற்கு வசதியான வண்டிதான். கதவு சாத்தினால் இன்னும் சுத்தமாக மூடியது. அண்ணன் கையால்கூடத் தொடவில்லை. "இது உயிரோட இருக்குது சார், வேற ஏதாவது செத்தது கிடைச்சா எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு வாடகைக்கே கஷ்டம், எனக்கு அது தெரியும். ஆனால் இப்போது நினைத்தாலும் அவர் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

மாடல் ஏ சேஸிஸ் என்பது நீளமாக இரண்டு ரெயில், குறுக்கே மூன்று சட்டம், எல்லாம் ரிவெட் அடித்து இணைத்தது. ரெயில் ஒரு பக்கம் திறந்த சி சேனல். தீப்பெட்டியின் மேல்கூட்டை ஒரு பக்கம் கிழித்துவிட்டு முறுக்கிப் பாருங்கள், எவ்வளவு லேசாகத் திரும்புகிறது. கிழிக்காத கூடு அப்படித் திரும்பாது. அந்தக் கார் வந்தபோது அதன் இன்ஜின் 40 குதிரைசக்தி, ரோடும் குண்டும் குழியும், அதனால் சேஸிஸ் கொஞ்சம் முறுகிக் கொடுப்பதே நல்லதாக இருந்தது. இப்போது அதில் காண்டெஸா காரிலிருந்து கழற்றிய இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் உட்காரப்போகிறது, சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் திறந்த பக்கத்தில் பிளேட் வைத்துப் பெட்டி மாதிரி மூட வேண்டும். பாக்ஸிங் என்பார்கள்.

பத்த வைப்பதற்கு முன்னால் ஒன்பது நாள் போனது. துருவைச் சுரண்டினோம், அரித்துப்போன இடத்தைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டோம். கிரைண்டர் வைத்துப் பொறி பார்த்தோம், நீளமாக, அதிகம் கிளை பிரியாமல் ஓடினால் கார்பன் குறைந்த இரும்பு, நன்றாகப் பிடிக்கும். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிவந்து நான்கு மூலையையும் மட்டம் பார்த்தோம். தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு அளவுக்கும் 9 மி.மீ வித்தியாசம் வந்தது. அதை ஜாக்கியும் சங்கிலியும் வைத்து இழுத்து 2 மி.மீக்குக் கொண்டுவர மட்டும் ஒன்றரை நாள். பின்பக்கம் வண்டியைத் தாழ்த்துவதற்காக, பின் அச்சு வரும் இடத்தில் ரெயிலை வெட்டி ஐந்து அங்குலம் மேலே ஏற்றினோம், அங்கே ரெயில் ஏறின அளவுக்கு மீதி வண்டி இறங்கும். அந்த இணைப்புகளின் மேல் வைர வடிவத்தில் தடுப்புத் தகடு வைத்தோம். குறுக்கே நேர்கோடாக வெல்டு ஓடினால் அதிர்வில் அந்தக் கோட்டிலேயே விரியும்.

பாக்ஸிங் பிளேட்டை நகராமல் பிடித்துவைக்க அங்கங்கே சின்னச் சின்ன வெல்டாக டேக் போட்டு முடித்த மறுநாள் அண்ணன் கியர்பாக்ஸ் பார்க்கப் புதுப்பேட்டை போயிருந்தார். இடது ரெயிலை என்னிடம் விட்டிருந்தார். ஒவ்வொரு அங்குலமாக, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அப்புறம் நடுவில் ஒன்று, ஆற விட்டு ஆற விட்டுப் போடச் சொல்லியிருந்தார். காலையில் அப்படித்தான் போட்டேன். பதினொரு மணிக்கு மேல் கை நன்றாக ஓடியது, வெல்டு காசு அடுக்கின மாதிரி அழகாக விழுந்தது. நிறுத்த மனசு வரவில்லை, இரண்டு அடி நீளத்துக்கு ஒரே ஓட்டமாக இழுத்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து நூல் கட்டிப் பார்த்தபோது ரெயில் நடுவில் வெளிப்பக்கம் 6 மி.மீ பிதுங்கியிருந்தது. உருகின இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். உள்பக்கம் முழுக்க ஒரே சமயத்தில் சுருங்கி இரண்டு முனைகளையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. படித்திருக்கிறேன், கேட்டிருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்த நூலுக்கும் இரும்புக்கும் நடுவில் என் விரல் நுழைந்தபோது வயிறு கலங்கியது. அந்த மாதிரி ரெயிலை நான் எங்கே போய்த் தேடுவேன்.

அண்ணன் சாயங்காலம் வந்தார். திட்டவில்லை. நூலை ஒருமுறை பார்த்தார், இன்னொருமுறை கட்டச் சொன்னார், அப்புறம் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். வெளிப்பக்கம், பிதுங்கின இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு புள்ளியைச் செர்ரிப் பழ நிறத்துக்குக் காய்ச்சி அப்படியே விட்டார். நான் வழக்கம்போல ஈரச் சாக்கை எடுத்தேன். "தண்ணி வேணாம் தம்பி. தானா ஆறட்டும். இழுத்தது சூடு, அதே சூட்டை வெச்சுதான் திருப்பி வாங்கணும்" என்றார். ஒரு புள்ளி, இருபது நிமிடம் காத்திருப்பு, நூல். மறுபடி கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி. ஏழு புள்ளிகள். இரவு பத்தரைக்கு நூல் இரும்பை ஒட்டிப் படுத்தது. அந்தக் காத்திருப்பு முழுக்க அவர் வாட்ச்சைப் பார்க்கவே இல்லை.

வலது ரெயிலை ஆறு நாளில் முடித்தேன். ஒவ்வொரு அங்குலத்துக்கும் பிறகு கையை வைத்துப் பார்ப்பேன், கை தாங்குகிற சூட்டுக்கு வந்தால்தான் அடுத்தது. நடுநடுவில் கிரைண்டிங், டீ, வேறு சில்லறை வேலை. விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயமான டை பெனிட்ரன்ட் அடித்து, வெள்ளைப் பவுடரில் சிவப்புக் கோடு எங்காவது எழுகிறதா என்று இணைப்பு இணைப்பாகப் பார்த்தோம். ஒரு இடத்தில் மயிரிழை மாதிரி தெரிந்தது, தோண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

கடைசியில் ஒரு சோதனை. பாக்ஸிங் செய்வதற்கு முன்பே இதை ஒருமுறை செய்து எழுதிவைத்திருந்தோம். பின்பக்கத்தை மேஜையோடு கிளாம்ப் போட்டு, முன்னால் ஒரு பழைய இன்ஜின் பிளாக்கை வைத்து, இடது மூலையை மட்டும் ஜாக்கியால் தூக்குவது. சேஸிஸ் எவ்வளவு முறுகாமல் நிற்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் வலது மூலையும் கூடவே எழும். முதலில் செய்தபோது வலது மூலை ஸ்டாண்டை விட்டு எழுவதற்குள் இடது மூலை 22 மி.மீ ஏறியிருந்தது. இப்போது நான் ஜாக்கியை அழுத்தினேன், அண்ணன் வலது பக்கம் குனிந்து ஸ்டாண்டுக்கும் ரெயிலுக்கும் நடுவில் பேப்பரைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். நாலாவது மில்லிமீட்டரில் பேப்பர் அவர் கையோடு வந்துவிட்டது.