நெஞ்சு எழுகிறதா, வயிறு எழுகிறதா?

ஆம்பூரிலிருந்தோ குடியாத்தத்திலிருந்தோ தசைநோய் உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு வருகிறவர்கள் பலர், விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவு 98 என்பதை நம்பி ஆறுதலடைகிறார்கள். அந்த எண் போதாது. மூச்சுத்தசை தளரும்போது முதலில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும், அதுவும் தூக்கத்தில். ஆக்சிஜன் குறைவது பிறகுதான்.

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரிக்கு ஐந்தாறு வயதாவது ஆக வேண்டும். சொன்னபடி இழுத்து ஊதத் தெரிய வேண்டும். கைக்குழந்தைக்கு அது முடியாது. அதனால்தான் குழந்தையிடம் எதுவும் கேட்காமல், படுத்திருக்கும்போதே அளக்கும் முறைகள் வந்தன. ஒன்று பட்டை: அக்குளுக்குக் கீழே ஒன்று, தொப்புள் மட்டத்தில் ஒன்று. உள்ளே நெளிந்து ஓடும் கம்பி, உடலின் குறுக்குவெட்டுப் பரப்பு மாறுவதை அலையாக வரையும். இன்னொன்று ஆழம் அளக்கும் கேமரா. மேலிருந்து, தொடாமலே, நெஞ்சும் வயிறும் எத்தனை மில்லிமீட்டர் ஏறி இறங்குகின்றன என்று பார்க்கும்.

நெஞ்சலையும் வயிற்றலையும் எவ்வளவு முன்பின்னாக எழுகின்றன என்பதைச் சொல்வது கட்டக் கோணம். இரண்டு அலையும் சேர்ந்து எழுந்தால் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஒன்று எழ மற்றது தாழ்ந்தால் 180 பாகை. கணினி இந்தக் கோணத்தைத் தானே கணக்கிட்டுவிடும். ஆனால் எந்தத் தசை தளர்ந்தது என்று கோணம் மட்டும் சொல்லாது. எஸ்.எம்.ஏ.வில் (தண்டுவட நரம்பணுக்கள் அழிந்து தசை தளரும் மரபு நோய்) விலாத்தசை முதலில் போகும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத்தசையான உதரவிதானம் ஓரளவு தாங்கும். மூச்சிழுக்க வயிறு உப்பும், நெஞ்சு குழியும். பாம்பே (Pompe) என்னும் மரபுத் தசைநோயில் உதரவிதானமே தளரும். மிகவும் தளர்ந்துவிட்டால் நெஞ்சு எழ, வயிறு உள்ளே போகும். இரண்டுக்கும் 180 வரலாம்! வயிறு மேலே வருவதுதான் உள்மூச்சு என்று எழுதப்பட்ட நிரல், பாம்பே நோயாளியிடம் தலைகீழாகப் படிக்கும். மூக்கருகே காற்றோட்டம் அளக்கும் மெல்லிய குழாய் ஒன்று வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

இதைவிட ஆபத்தானது நல்ல கோணம். இரண்டு தசையும் சேர்ந்தே தளர்ந்துவிட்டால் இரண்டு அலையும் ஒன்றாக, ஆனால் மிகச் சிறியதாக எழும். அலையின் உயரத்தையும் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் சேர்த்துப் பார்க்காதவர் ஏமாறுவார்.

பெரும்பாலான பிழை கருவியில் இல்லை, அறையில்தான். கத்திரி வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மனம் வராது. ஆனால் ஓடினால் துணி படபடத்து அதுவே மூச்சாகப் பதிவாகும். விடியற்காலையில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும். சன்னல் வெயில் மேலே விழுந்தால் அகச்சிவப்புக் கதிரால் ஆழம் அளக்கும் கேமரா தடுமாறும், திரையை இழுத்துவிடுங்கள். சட்டையைக் கழற்றுங்கள். இறுக்கமான அரைஞாண் கயிறோ எலாஸ்டிக்கோ வயிற்றின் அசைவைப் பிடித்து வைக்கும், தளர்த்துங்கள். நெஞ்சில் கிடக்கும் தாயத்தை ஒதுக்கி வையுங்கள். அம்மாவின் கை வயிற்றின் மேல் இருக்கக் கூடாது. தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவலாம். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எடுத்த பதிவைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். அசைவில்லாமல் தொடர்ந்து 20, 30 மூச்சு கிடைக்கும் துண்டுதான் கணக்குக்கு உதவும்.

எஸ்.எம்.ஏ. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள்; உட்காரவைத்தால் வயிற்றின் எடை உதரவிதானத்தைக் கீழே இழுத்து, மூச்சு இன்னும் சிரமமாகலாம். பாம்பே பெரியவர்களுக்கு இதற்கு நேர்மாறு, படுத்தால்தான் சிரமம்: உட்கார்ந்தும் படுத்தும் ஊதவைக்க வேண்டும். ஊதும் காற்றின் அளவு படுக்கும்போது 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் உதரவிதானம் தளர்ந்திருக்கிறது என்று வலுவாகச் சந்தேகிக்கலாம்.

இந்தப் பதிவு எதுவும் கார்பன் டை ஆக்சைடை அளக்காது. அதற்குத் தோலில் ஒட்டும் உணரி வைத்து ஓர் இரவு முழுக்கப் பார்க்க வேண்டும். அது தோலைச் சூடாக்கும், ஆகவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். ஆக்சிஜன் மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்பினால் 98 திரும்பி வரும், கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டேயிருக்கும்.

அளந்த தாளில் நான்கு விவரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எப்படிப் படுத்திருந்தது, தூக்கமா விழிப்பா, பைபாப் (முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் கருவி) மாட்டியிருந்ததா, எந்தக் கருவி. இவை இல்லாவிட்டால் அடுத்த முறை வரும் எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது.