இருபது கிலோ நாணயத்தின் ஊரில்

ஸ்வீடனில் ஃபாலுன் என்று ஓர் ஊர். அங்கே உள்ள சுரங்க அருங்காட்சியகத்தில் ஒரு செம்புத் தகடு இருக்கிறது. ஏறக்குறைய இரண்டடி நீளம், ஓரடி அகலம். ஓரங்கள் ஒழுங்காக இல்லை. சம்மட்டி விழுந்த இடமெல்லாம் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. நான்கு மூலையிலும் வட்ட முத்திரை, நடுவில் ஒன்று. மூலை முத்திரைகளில் கிரீடம், கிறிஸ்டினா அரசியின் பெயர், 1644 என்ற ஆண்டு. நடு முத்திரையில் மதிப்பு: 10 டாலெர். டாலெர் என்பது அந்தக் கால ஸ்வீடன் பணம். ஆமாம், இது நாணயம்தான். எடை 19.7 கிலோ. உலகிலேயே புழக்கத்துக்காக அடிக்கப்பட்ட நாணயங்களில் இதைவிடக் கனமானது எதுவும் இல்லை.

பள்ளிக்கூட நாள்களிலிருந்தே நாணயம் சேர்ப்பவன் நான். இந்தத் தகட்டைப் படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தபோது நெஞ்சு படபடத்தது. ஸ்டாக்ஹோமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதென்று முடிவானதுமே ஃபாலுன் போவதும் முடிவாகிவிட்டது. ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் கருஞ்சிவப்புப் பூசிய மர வீடுகள். அந்தச் சிவப்பும் இதே சுரங்கக் கழிவிலிருந்து எடுத்த சாயம்தான்.

சுரங்கத்தை நெருங்கியதும் முதலில் கண்ணில் படுவது ஒரு பிரம்மாண்டமான பள்ளம். 1687 வரை இங்கே தனித்தனிக் குழிகள் இருந்தன. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் நடுச்சுவர் இடிந்து எல்லாம் ஒன்றாகிவிட்டது. கோடைப் பெருவிழா நேரம் என்பதால் உள்ளே யாரும் இல்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை. பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் அது எத்தனை பெரிய புண்ணியம் என்று புரிகிறது.

உள்ளே இறங்கத் தலைக்கவசமும் மேலே போட்டுக்கொள்ள ஓர் அங்கியும் தருகிறார்கள். வெளியே நல்ல வெயில். கீழே ஐந்தாறு டிகிரி. அங்கே என்னை நிறுத்திவைத்தவை சுவர்கள். உளி பட்ட கூர்மையே இல்லாமல் வழவழவென்று வளைந்து, புகை படிந்து கறுத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் பாறையை ஒட்டி விறகை அடுக்கித் தீ மூட்டுவார்களாம். இரவெல்லாம் எரிந்த சூட்டில் பாறை விரிசல் விடும். அப்புறம் சம்மட்டியும் கடப்பாறையுமாக அதைப் பெயர்த்தெடுப்பார்கள். ஒரு நாணயத்துக்குப் பின்னால் இத்தனை காடும் இத்தனை உடம்பும் எரிந்திருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு வரை இந்த ஓர் இடத்திலிருந்து போனது. 1992-இல்தான் சுரங்கத்தை மூடினார்கள். 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

சரி, செம்பில் ஏன் இவ்வளவு பெரிய நாணயம்? வெள்ளி இல்லாததுதான் காரணம். 1613 சமாதான உடன்படிக்கையின்படி, எல்ஃப்ஸ்போரி கோட்டையை மீட்க ஸ்வீடன் டென்மார்க்குக்குப் பத்து லட்சம் வெள்ளி நாணயம் கொடுக்க வேண்டியிருந்தது. அதைக் கட்டி முடித்த கையோடு போலந்தோடு போர், பிறகு ஜெர்மன் நிலத்தில் நீண்ட போர். கஜானா காலி, ஆனால் செம்புக்குப் பஞ்சமில்லை. 1624-இல் மன்னர் குஸ்தாவ் இரண்டாம் அடால்ஃப் செம்பில் காசு அடிக்கத் தொடங்கினார். அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. செம்பை உள்நாட்டிலேயே காசாக முடக்கினால் வெளிச்சந்தைக்குப் போகும் சரக்கு குறையும், விலை விழாது. ஆனால் காசின் மதிப்பு அதிலுள்ள உலோகத்தின் மதிப்புக்கு ஈடாக இருக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். வெள்ளியோடு ஒப்பிட்டால் செம்பு மலிவு. அப்படியானால் பெரிய தொகைக்குப் பெரிய தகடுதானே வேண்டும்! 10 டாலெர் தகட்டை ஃபாலுனுக்குத் தெற்கே உள்ள அவெஸ்தாவில் அடித்தார்கள். அது ஓரிரு ஆண்டுகளோடு நின்றுவிட்டது. பிறகு வந்த 8 டாலெர் தகடும் 14 கிலோவுக்கு மேல். கொஞ்சம் பெரிய தொகை என்றால் வண்டி கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். 1776 வரை இந்தத் தகட்டுப் பணம் செல்லுபடியானது.

இந்தத் தகடுகளுக்கு நம் கடற்கரையோடும் ஒரு தொடர்பு உண்டு. செம்பு என்ற சரக்காகவே அவை கப்பலேறி ஆசியாவுக்கு வந்தன. 'நிக்கோபார்' என்ற டேனிஷ் கப்பல் இந்தியாவை நோக்கி வரும் வழியில் 1783-இல் தென்னாப்பிரிக்கக் கரையோரம் மூழ்கியது. தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில் இருந்தது. அந்தக் கப்பலில் இருந்த ஆயிரக்கணக்கான ஸ்வீடன் தகடுகள் 1980களில் கடலிலிருந்து வெளியே வந்தன. உப்புநீர் அரித்து ஓரம் தேய்ந்த அந்தத் தகடுகள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன.

மறுநாள் ஸ்டாக்ஹோம் திரும்பி, வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் பொருளாதார அருங்காட்சியகத்துக்குப் போனேன். நான் தேடிப் போனது யோஹான் பால்ம்ஸ்ட்ரூக்கின் கதையை. ரீகாவில் பிறந்த இவர் 1656-இல் அரச அனுமதி பெற்று ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கி தொடங்கினார். மக்கள் தகடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். இவர் அந்தப் பணத்தை நீண்ட தவணைக்குக் கடன் கொடுத்தார். 1660-இல் அரசு அதே மதிப்புக்கு எடை குறைந்த புதுத் தகடுகளை அடித்தது. பழைய தகட்டில் செம்பு அதிகம் அல்லவா? போட்டவர்கள் எல்லோரும் அதைத் திரும்பக் கேட்டு வந்து நின்றார்கள். கொடுக்க வங்கியிடம் தகடு இல்லை. 1661-இல் அவர் காகிதத்தை நீட்டினார். இதைக் கொண்டுவருபவர் யாராக இருந்தாலும் இத்தனை டாலெர் தரப்படும் என்று எழுதி, பல பேர் கையெழுத்திட்டு, முத்திரை குத்திய தாள். ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு அதுதான். சீனாவில் சோங் அரச வம்சத்தின் காலத்திலேயே காகிதப் பணம் இருந்தது. அதைத் தெரிந்து இவர் செய்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

மக்கள் அதை விரும்பி வாங்கியதில் எனக்கு வியப்பே இல்லை. முந்தின நாள் அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் ஆயிற்றே! வண்டியில் ஏற்றிய பணம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. ஆனால் பால்ம்ஸ்ட்ரூக் கையில் இருந்த செம்புக்கு மேல் தாளை அடித்துக் கடன் கொடுத்தார். சில ஆண்டுகளில் நோட்டின் மதிப்பு சரிந்தது, வங்கி திணறியது. 1668-இல் அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு சிறையாகக் குறைத்தார்கள். 1670-இல் விடுதலையானார், மறு ஆண்டே இறந்துபோனார். அவரை மோசடிக்காரர் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இன்று ஒவ்வொரு வங்கியும் செய்வதைத்தான் அவர் செய்தார். எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று சொல்லித்தர அவருக்கு முன்னால் ஆள் இல்லை. அவர் வங்கியின் சிதைவிலிருந்து அதே 1668-இல் எழுந்ததுதான் ஸ்வீடனின் ரிக்ஸ்பேங்க். இன்றைக்கும் இயங்கும் மத்திய வங்கிகளில் உலகிலேயே மூத்தது. சூடு கண்ட நாடாளுமன்றம் நோட்டு அடிக்கவே கூடாது என்று அதற்குத் தடை போட்டது!

அதன்பிறகு பன்னிரண்டாம் கார்ல் மன்னர். போர்ச் செலவுக்காக 1715 முதல் சின்னஞ்சிறு செம்புக் காசுகளில் '1 டாலெர் வெள்ளி' என்று பொறித்து வெளியிட்டார். சனி, வியாழன், செவ்வாய் என்று ரோமானியத் தெய்வங்களின் உருவங்கள் அவற்றில் அழகாகவே இருக்கின்றன. கையில் விழுந்த செம்பின் விலையோ அந்த மதிப்புக்குப் பக்கத்தில்கூட இல்லை. 1718-இல் மன்னர் போர்முனையில் சுடப்பட்டு இறந்தார். ஜனங்களின் கோபமெல்லாம் அமைச்சர் கோர்ட்ஸ் மீது திரும்பி, மறு ஆண்டு அவர் தலை வெட்டப்பட்டது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கள்ள நோட்டைத் தடுக்க 1755-இல் டும்பா என்ற ஊரில் தனிக் காகித ஆலை. 1873-இல் டென்மார்க்கோடு சேர்ந்து இன்றைய பணமான குரோனா. 2003 வாக்கெடுப்பில் யூரோவை மக்கள் வேண்டாம் என்றது.

இன்று அந்த நாட்டில் நோட்டைப் பார்ப்பதே அரிது. பேருந்தில் வாங்குவதில்லை, பல கடைகளில் 'ரொக்கம் ஏற்பதில்லை' என்ற அட்டை தொங்குகிறது. 2012-இல் வந்த ஸ்விஷ் என்ற கைபேசிப் பணச் செயலியில்தான் எல்லாம். இது எனக்குக் கவலையாக இருக்கிறது. வயதானவர்கள் என்ன செய்வார்கள்? அரசுக்கும் அந்தக் கவலை வந்திருக்கிறது: பெரிய வங்கிகள் ரொக்கம் தந்தே ஆக வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். போரோ நெருக்கடியோ வந்தால் என்ன செய்வது என்று 2024-இல் வீடுதோறும் அனுப்பிய கையேட்டில், கையில் ரொக்கம் வைத்திருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அக்கா எடுத்து வைத்திருந்த நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். இருபதில் குழந்தை எழுத்தாளர் அஸ்த்ரிட் லிண்ட்கிரன், நூறில் நடிகை கிரெட்டா கார்போ, ஆயிரத்தில் ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த டாக் ஹாமர்ஷோல்ட். மன்னர்கள் நோட்டிலிருந்து இறங்கி, எழுதியவர்களும் பாடியவர்களும் ஏறியிருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று: தெரிந்தவர்கள் யாராவது முன்பு கொண்டுவந்த ஸ்வீடன் நோட்டுகளைக் கொடுத்தால் செலவுக்கென்று எடுத்துப் போகாதீர்கள். பழைய வரிசை நோட்டுகள் எல்லாம் 2017 நடுவோடு செல்லாமல் போய்விட்டன. சேகரிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபாலுன் சுரங்கத்துக்குக் கோடையிலும் ஸ்வெட்டர் அவசியம்.