68 விநாடியில் தீர்ந்துபோன கடல்நீரேரி

மூன்று வாரமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஒரே வேலைதான்: அட்டாரி 2600 என்ற பழைய விளையாட்டுப் பெட்டிக்கு, செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் ஒரு விளையாட்டு எழுதுவது. பெட்டி என்னிடம் இல்லை. மடிக்கணினியில் அந்தப் பெட்டியைப்போலவே நடந்துகொள்ளும் ஸ்டெல்லா என்ற எமுலேட்டர் இருக்கிறது, அது போதும்.

தொடக்கிவைத்தவள் பெறாமகள். பாடசாலைக் கண்காட்சிக்காகக் கணினித் துறைப் பெண்களைப் பற்றி ஒரு சுவரொட்டி செய்திருந்தாள். ஏடா லவ்லேஸ், கிரேஸ் ஹொப்பர், ஓரத்தில் பூ வேலைப்பாடு. ஒட்டி முடித்தவள், "படம் பார்த்தாயிற்று. இவர்கள் செய்ததைத் தொட்டுப் பார்க்க ஏதாவது இருக்கிறதா, சின்னம்மா?" என்று கேட்டாள். எனக்கு உடனே கரோல் ஷாதான் நினைவுக்கு வந்தார்.

பெர்க்லியில் படித்து 1978இல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்தவர். 1982இல் ஆக்டிவிஷன் என்ற விளையாட்டு நிறுவனத்துக்காக 'ரிவர் ரெய்ட்' எழுதினார். ஆற்றின் மேல் விமானம் பறக்கும், கரை வளையும், பாலம் வரும், இடையில் எரிபொருள் நிரப்ப வேண்டும். முழு விளையாட்டும் 4 கிலோபைட். பெட்டியின் நினைவகம் 128 பைட். அத்தனை நீள ஆற்றை இதற்குள் வைக்க இடமேது? ஆறு எப்படி வளையும் என்ற கணக்கை மட்டும் வைத்தார். ஒரு தொடக்க எண்ணிலிருந்து அடுத்த எண், அதிலிருந்து அடுத்தது. தொடக்கம் மாறாததால், எத்தனை தடவை விளையாடினாலும் அதே ஆறுதான் வரும்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுதான் உண்டு. ஆகவே என் விளையாட்டில் கடல்நீரேரி, விமானத்துக்குப் பதிலாகப் படகு.

முதல் வாரம் முழுக்கக் கரை வரைவதிலேயே போயிற்று. இந்தப் பெட்டி படத்தை நினைவில் வைத்திருக்காது. திரையின் ஒவ்வொரு வரியையும் அந்தந்தக் கணத்தில் நாமே சொல்ல வேண்டும். ஒரு வரிக்குச் செயலியின் 76 கடிகாரச் சுழற்சிதான் கிடைக்கும். ஒரே ஆறுதல், இடது பாதியைச் சொன்னால் வலது பாதியைக் கண்ணாடிபோல் அதுவே காட்டிவிடும். கட்டளைகளை வெறும் எண்களாக எழுதாமல் சுருக்கச் சொற்களாக எழுத முடிகிறதே, அதற்கு 1947இலேயே இலண்டன் பேர்க்பெக் கல்லூரியின் கணினிக்காக வழி வகுத்தவர் கேத்லீன் பூத். சுவரொட்டியில் அவர் இல்லை. சேர்க்கச் சொன்னேன், இடமில்லை என்றாள்.

இரண்டாம் வாரம், கரையின் வளைவைத் தரும் எண் ஓட்டம். எண்ணை ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) வலப்பக்கம் தள்ள வேண்டும். வெளியே விழுந்த பிட் 1 என்றால், மீதியை 184 உடன் எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்தால் 0) செய்ய வேண்டும். மூன்றே கட்டளைகள். ஓடவிட்டேன். கடல்நீரேரி வாய்க்கால்போல் நேராகப் போனது. ஒரு வளைவும் இல்லை. இரண்டு இரவு தலையைச் சொறிந்த பிறகுதான் நிரலை ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்க உதவும் நிறுத்துப்புள்ளி வைத்துப் பார்த்தேன்: எண் 0. தொடக்கத்தில் நினைவகத்தைத் துடைக்கும்போது இதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறேன். 0ஐ எவ்வளவு தள்ளினாலும் 0தானே. நிறுத்துப்புள்ளி என்ற உத்தியை எனியாக் என்ற பழைய அமெரிக்கக் கணினியில் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் பெட்டி ஹோல்பர்ட்டன், அதை நிரலாக்கிய ஆறு பெண்களில் ஒருவர். இந்த இரண்டு இரவுக்குப் பிறகு அவர்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

தொடக்க எண்ணாக 1 கொடுத்ததும் வளைவு வந்தது, ஆனால் விசித்திரமாக. வெளியே விழும் பிட் 0 என்றால் எண் வெறுமனே பாதியாகிறது, அதனால் கரை படிக்கட்டு இறங்குவதுபோல் இறங்கி, திடீரென்று துள்ளியது. கரையின் ஒவ்வொரு துண்டுக்கும் எட்டு முறை தள்ளிய பிறகுதான் கரைக்கு ஒரு இயல்பு வந்தது.

பெறாமகளிடம் பெருமையாகக் காட்டினேன். ஒரு நிமிடம் பேசாமல் ஓட்டியவள், "இந்த வளைவு முதலும் வந்தது" என்றாள். 0ஐ விட்டால் எட்டு பிட்டில் 255 எண்களுக்கு மேல் கிடையாது. ஒரு துண்டுக்கு 16 வரி, விநாடிக்கு 60 வரி நகர்வு. 68 விநாடியில் கடல்நீரேரி முடிந்து மறுபடி தொடங்குகிறது. பதினாறு பிட்டுக்கு மாற்றினேன். நினைவகத்தில் கூடுதல் செலவு ஒரே ஒரு பைட். இப்போது 65,535 துண்டுகள். தூங்காமல் ஓட்டினாலும் திரும்ப வர ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும்.

மூன்றாம் வாரம் பாலம். ஷாவின் விளையாட்டில் பாலத்தைச் சுட்டு உடைத்தால்தான் அடுத்த கட்டம். நானும் அப்படியே எழுதிவிட்டு, எங்கள் கடல்நீரேரியின் மேலுள்ள பண்ணைப் பாலத்தின் பெயரையும் வைத்தேன். பின்னால் நின்று பார்த்த அம்மா, "அதை ஏன் பிள்ளை உடைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவே சுடும் பகுதியை அழித்துவிட்டேன். இப்போது பாலத்தின் நடுவில் ஒரு திறப்பு. படகு தட்டாமல் நுழைய வேண்டும். எதிரிக் கப்பல்களுக்குப் பதில், மீன்பிடிக்க நீரில் நட்டிருக்கும் சிறகுவலைக் கம்புகள். சுடுவதைவிட இதுதான் கடினம் என்பது பெறாமகளின் முறைப்பாடு. அழித்ததால் மிஞ்சிய பைட்டுகள் கம்புகளுக்கு உதவின.

எரிபொருளை மட்டும் மாற்றவில்லை, மண்ணெண்ணெய் என்று பெயர் வைத்ததோடு சரி. 2022இல் இலங்கையில் எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

எரிபொருள் மானியை இன்னும் திரையில் கொண்டுவர முடியவில்லை. அதை வரையும் வரியில் 76 சுழற்சியைத் தாண்டிவிடுகிறேன், திரை முழுவதும் குலுங்குகிறது. எரிபொருள் குறைவது மட்டும் சரியாக நடக்கிறது. நேற்று அம்மா இரண்டு முறை ஓட்டினார், இரண்டு முறையும் பாலத்தைக் கண்டதும் மண்ணெண்ணெய் தீர்ந்து படகு நடுக்கடலில் நின்றுவிட்டது. மானி வந்த பிறகு கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.