க்ளான்டார்ஃபுக்கு முன்பே முடிந்த போட்டி

அயர்லாந்துக்காரர்கள் வைக்கிங்குகளை விரட்டியடித்த போர் என்று டப்ளின் அருகே நடந்த க்ளான்டார்ஃபைச் சொல்லிச் சொல்லியே, அதன் பின்னால் இருந்த பங்காளிச் சண்டையை மறந்துவிட்டோம் என்பது என் எண்ணம். 1014ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று அயர்லாந்தின் உயர் அரசன் பிரையன் போருவை எதிர்த்து டப்ளின் வைக்கிங்குகளோடு அணிவகுத்தவர்கள், தீவின் கிழக்குப் பகுதியான லெய்ன்ஸ்டரைச் சேர்ந்த அயர்லாந்துக்காரர்களே. டப்ளினை ஆண்ட சிட்ரிக்கோ பிரையனின் சொந்த மருமகன்.

அந்நாட்டில் அரசனின் மூத்த மகனுக்கே பட்டம் என்ற நியதி இல்லை. ஒரே கொள்ளுப்பாட்டனின் வழிவந்த ஆண்கள் அனைவருக்கும் உரிமை இருந்ததால், ஒவ்வொரு மரணமும் ஒரு புதுச் சண்டைக்கு வழி திறந்தது. ஈ நேல் வம்சம் மட்டும் இதற்கு ஓர் ஏற்பாடு கண்டிருந்தது: 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, ஒரேயொரு விலக்கு நீங்கலாக, வடக்கே கெனேல் ஓகன் கிளையும் தெற்கே க்ளான் கொல்மான் கிளையும் தாராவின் அரசுரிமையை, அதாவது தீவின் உயர் அரசர் பட்டத்தை, மாறி மாறி வகித்தன. இவ்வளவு பூசல்களுக்கு நடுவே அது ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகள் நீடித்தது வியப்புதான்.

980இல் அந்த முறைப்படி பட்டத்துக்கு வந்தவன், மலாக்கி என்று அறியப்படும் மாயல் ஷெக்னல். அதே ஆண்டில் தாராவில் டப்ளின் படையை அவன் முறியடித்ததே வைக்கிங்குகளுக்கு விழுந்த பெரிய அடி என்பேன். தெற்கே மன்ஸ்டரில், ஷானன் ஆற்றங்கரையின் சிறு குடியான டால் காஷ், மன்ஸ்டர் அரசர்களின் இருக்கையான காஷெலை நெடுங்காலம் ஆண்ட ஓகனக்டா வம்சத்தை ஓரங்கட்டியிருந்தது. அண்ணன் மஹோன் 976இல் கொல்லப்பட்டதும், பிரையன் பழிதீர்த்துக்கொண்டு தலைமைக்கு வந்தான். 982இல் மலாக்கி அவன் நாட்டுக்குள் புகுந்து, டால் காஷ் தலைவர்கள் பதவியேற்கும் மாக் அடயர் மரத்தை வேரோடு தோண்டியெடுத்து வெட்டினான். அந்த அவமதிப்பை எந்தக் குடியும் எளிதில் மறந்திருக்காது.

997இல் இருவரும் தீவை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1002இல் மலாக்கி போரிடாமலேயே பிரையனுக்குப் பணிந்தான். வடக்கிலிருந்த பங்காளிகள் துணைக்கு வரவில்லை என்று பிற்காலக் கதை காரணம் சொல்கிறது. அவர்களுடைய பழைய போட்டியை நினைத்தால் அது நம்பக்கூடியதே. 1005இல் அயர்லாந்தின் தலைமைத் தேவாலயமான ஆர்மாவின் பீடத்தில் 20 அவுன்ஸ் தங்கத்தைப் பிரையன் காணிக்கையாக வைத்தான். அங்கிருந்த திருநூலில் அவனுடைய எழுத்தர், அவன் கண்முன்னே, அவனை ‘ஐரிஷ் மக்களின் பேரரசர்’ என்று லத்தீனில் குறித்துவைத்தார். ஈ நேல்களின் ஏகபோகம் அத்துடன் முடிந்தது. க்ளான்டார்ஃப் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அப்போரில் பிரையனும், மகன் முர்கடும், பேரனும் மாண்டனர். மலாக்கி களத்தில் இறங்கினானா என்பதில் பழைய பதிவுகள் ஒத்துப்போவதில்லை. ஆனால் இழந்த பட்டத்தை மீண்டும் பெற்று 1022இல் சாகும்வரை வைத்திருந்தான். பிரையனின் எஞ்சிய மகன்களோ ஒருவரோடொருவர் மோதினர். 1023இல் டோனகட் தன் சகோதரன் டேக்கைக் கொல்லச் செய்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த டேக்கின் மகனே டோனகட்டைப் பதவியிலிருந்து இறக்கினான்.