சிரசுக் கூட்டத்தில் கிடைக்காதது செக்கடியில் கிடைத்தது

குடியாத்தத்தில் எங்களுக்கு ஒரு மரச்செக்கு இருக்கிறது. மாமனார் ஆட்டுவார். கணக்கும் செல்போனும் என் பொறுப்பு. இரண்டு வருடமாக இன்ஸ்டாகிராமில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். பித்தளைச் சொம்பில் எண்ணெய், பக்கத்தில் ஒரு பிடி வேர்க்கடலை, கீழே 'பாரம்பரியம், தூய்மை, ஆரோக்கியம்'. லைக் போட்டவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் எங்களைப் போலவே எண்ணெய் விற்கிறவர்கள். காசு கட்டி விளம்பரமும் கொடுத்துப் பார்த்தேன். பார்த்தவர் எண்ணிக்கை ஏறியது, அலமாரியில் இருந்த டின் இறங்கவில்லை.

அப்போதுதான் வீட்டுக்காரர், "ஜனம் கூடற இடத்துக்கு நாமளே போவலாமே" என்றார். எங்கள் ஊரில் ஜனம் கூடுவது என்றால் வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மனின் சிரசை, அதாவது தலையை, ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். அதைப் பார்க்க ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் ஜனம் வரும். கோயில் இருக்கிற கோபாலபுரம் போகிற வழியில் ஒரு மேசை போட்டோம். அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்களை அடுக்கி வைத்து, நம்பர் கொடுத்தால் 100 மில்லி இலவசம் என்று எழுதி ஒட்டினேன்.

மே மாத வெயில். இடுப்பில் குழந்தை, கையில் தேங்காய் பழத் தட்டு. இதில் ஒரு லிட்டர் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு யார் சிரசு பார்ப்பார்கள்? பக்கத்தில் நீர்மோர் கொடுத்தவர்களிடம் வரிசை நின்றது. எங்களிடம் இலவசம் தீர்ந்தது, விற்பனை ஒன்பது பாட்டில். நோட்டில் மட்டும் 140 நம்பர் சேர்ந்திருந்தது. அதுவே பெரிய லாபம் என்று நினைத்தேன்.

அந்த 140 பேரையும் வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பட்டியலில் போட்டு, அழகாக ஒரு செய்தி அனுப்பினேன். மூன்று நாள் ஆகியும் ஏழெட்டுப் பேருக்கு மேல் பதில் இல்லை. பிறகுதான் தெரிந்தது: ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரை அவர்கள் போனில் சேவ் செய்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அவர்கள் நம்பர் என்னிடம் இருந்து என்ன பயன், என் நம்பர் அவர்களிடம் இல்லையே.

நடுவில் ஒரு கல்லூரி விழாவிலும் வாடகை கட்டி மேசை எடுத்தோம். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். அதை விடுங்கள், ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கடலை எண்ணெய் எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் திருவிழா மேசையில் ஒன்று நடந்தது. ஒரு அம்மா பாட்டிலைத் தூக்கி வெயிலில் காட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, போன தபா வேற எடத்துல செக்கு எண்ணெனு வாங்கனேன். வடை போட்டா நுரை பொங்கிக்கினு வருது. கலப்படமா?" என்று கேட்டார். மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். செக்கில் ஆட்டியதில் கொஞ்சம் ஈரமும் கோந்து மாதிரி பசையும் இருக்கும். இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளிய விட்டு, மண்டியைத் தங்கவைத்து மேலே இறுத்தால் நுரை குறையும். அவசரத்தில் அடைத்தால் பொங்கும். ஐந்து நிமிஷம் பேசியிருப்பார். அதற்குள் ஆறேழு பேர் நின்று கேட்டார்கள். ஒன்பது பாட்டிலில் நான்கு அப்போது போனதுதான்.

ராத்திரி என் இன்ஸ்டா பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு வருடப் படங்களில் நுரை என்ற சொல்லே ஒரு இடத்திலும் இல்லை.

அடுத்த மாதம் வேறு மாதிரி செய்தோம். நாங்கள் எங்கும் போகவில்லை. ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்குப் போன் போட்டு, ஞாயிறு காலை ஆறரைக்குச் செக்கு ஓடும்போது பார்க்க வாங்க, பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வாங்க என்றேன். 23 பேர் வந்தார்கள். காபி, சுண்டல், அவ்வளவுதான் செலவு.

மாமா பருப்பைக் கொட்டி, உலக்கை சுற்றச் சுற்றப் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு பிடிக்கும் என்றார். கடைத்தெருவில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒருவர் இழுத்தார். மாமா கோபப்படவில்லை. அன்றைய பருப்பு விலையை அவரையே சொல்லச் சொல்லி, இரண்டரையால் பெருக்கச் சொன்னார், புண்ணாக்குக்கு வருவதைக் கழிக்கச் சொன்னார். அவர் செல்போனில் கணக்குப் போட்டுவிட்டு, திரையைப் பார்த்தபடி, "அப்போ அவன் எப்டி கொடுக்கறான்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். சூடான புண்ணாக்கைக் கிள்ளி வாயில் போட்ட ஒரு பையன் இன்னொரு துண்டு கேட்டான்.

நான் படம் எடுத்தேன், ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு. "என் மூஞ்சி வாணாம், கைய வேணா எடு" என்றார் ஒரு பாட்டி. எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பார்க்கிற அவர் கையும், பெருக்கல் கணக்கும் சேர்ந்த நாற்பது விநாடி வீடியோதான் இன்றுவரை எங்கள் பக்கத்தில் அதிகம் பகிரப்பட்டது. முன்பு பின்னணிப் பாட்டுத் தேடியே ஒரு மணி நேரம் போகும். இதில் செக்கு கிறீச்சிடுகிற சத்தம் மட்டும்தான்.

நம்பர் விஷயத்தையும் திருப்பிப் போட்டேன். நோட்டு இல்லை. வாசலில் ஒரு கியூஆர் அட்டை. ஸ்கேன் செய்தால் 'ஞாயிறு' என்ற சொல்லோடு எங்களுக்கு வாட்ஸ்அப் திறக்கும், அனுப்பு என்று தட்டினால் போதும். வாட்ஸ்அப் பிசினஸிலேயே இந்த வசதி இருக்கிறது. "எள் ஆட்டற அன்னிக்குச் சொல்றோம், கருப்பட்டி போடறதை நேர்ல பாக்கலாம், நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்றதும் 19 பேர் அங்கேயே சேவ் செய்தார்கள். சேவ் செய்ய ஒரு காரணம் கொடுத்தாக வேண்டும், அது தள்ளுபடியாக இருக்க வேண்டியதில்லை.

இதிலும் ஒரு தப்புச் செய்தேன். கூகுளில் ரிவியூ போட்டால் 100 மில்லி இலவசம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் 11 ரிவியூ, எல்லாமே 'சூப்பர் ஆயில்'. அடுத்த வாரம் பார்த்தால் பாதிக்கு மேல் காணோம். ரிவியூவுக்குப் பரிசு கொடுப்பது கூகுள் விதிக்கு விரோதம் என்று அதன்பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது வாங்கிப் போன நாலாம் நாள், "வடை சுட்டுப் பாத்தீங்களா? நல்லதோ கெட்டதோ எழுதுங்க" என்று லிங்க் மட்டும் அனுப்புகிறேன். ஒருவர் மூடி கசிகிறது என்று மூன்று ஸ்டார் போட்டார். மன்னிப்புக் கேட்டு, உள்மூடி போட ஆரம்பித்துவிட்டோம் என்று அதற்குக் கீழேயே எழுதினேன். பெங்களூரிலிருந்து முதல் ஆர்டர் கொடுத்தவர் அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டதாகச் சொன்னார்.

கூகுள் பிசினஸ் கணக்கில் நம்மை என்ன சொல் போட்டுத் தேடினார்கள் என்று காட்டும். முன்பு கடைப் பெயரை மட்டும் அடித்தவர்கள்தான் வந்தார்கள். ஐந்தாறு ஞாயிறுக்குப் பிறகு கடைப் பெயரே தெரியாமல், மரச்செக்கு என்று தேடி வந்தவர்கள் தெரிய ஆரம்பித்தார்கள். வீடியோவாலா, ரிவியூவாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை.

இந்த வருடம் சிரசுக்கு மேசை போடவில்லை. நாங்களும் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். ஒரு பாட்டில்கூட வைக்கவில்லை, ஓரமாகக் கியூஆர் அட்டை மட்டும். அதில் சொல்லை 'சிரசு' என்று மாற்றியிருந்தேன், எங்கிருந்து வந்தவர்கள் என்று பிரித்தறிய. 31 பேர் அனுப்பியிருந்தார்கள். போன வருட 140-ஐ விட எனக்கு இது திருப்தி. அதில் நாலு பேர் அடுத்த ஞாயிறே செக்கடிக்கு வந்துவிட்டார்கள்.

மாமாவுக்கு இன்ஸ்டாவும் தெரியாது, கூகுளும் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால், "ஏம்மா, நாளைக்கு எத்தினி பேரு வர்றாங்க? பருப்பு காயவெக்கணும்" என்று கேட்கிறார்.