விலகல் நிலையானதா, வளர்வதா

சென்னையில் புரோகிராமிங், பெங்களூரில் குரலும் கீபோர்டும் என்று பாட்டு வேலை பிரிந்து கிடக்கிறது. அல்சூர் வீட்டறையில் பதிவான டிராக் திரும்பப் போய்ச் சேர்ந்ததும் "கிளிக்கோடு ஒட்டவில்லை" என்று செய்தி வரும் (கிளிக் என்பது தாளம் காட்ட ஹெட்போனில் ஒலிக்கும் மெட்ரோனோம் தட்டு). கிளிக்கைத் திட்டுமுன் பாட்டின் தொடக்கத்தையும் கடைசி ஆவர்த்தனத்தையும் (தாளச் சுற்றையும்) பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால் தாமதம். போகப்போக அதிகமாகப் பிந்தினால் வேகத்துக்குக் கொடுத்த எண்ணில் பிழை.

முதல் வகைக்குப் பெரும்பாலும் காரணம் ப்ளூடூத் ஹெட்போன். 100 மில்லி விநாடிக்கு மேலேயே பிந்திக் கேட்கும், பாடகரும் அவ்வளவு பிந்தியே பாடுவார். டிராக்கை மொத்தமாக முன்னால் நகர்த்தினால் தீர்ந்தது. கணினி ஒலியைச் சேர்த்துவைக்கும் பஃபரோ, 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லி விநாடிதான். அதை யாரும் உணர்வதில்லை.

இரண்டாவது வகைதான் வம்பு. பாட்டின் வேகம் 92.3 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி), வாட்ஸ்அப்பில் வந்ததோ வெறும் 92. ஐந்து நிமிடத்தில் 460 அடி, முடிவில் கிட்டத்தட்ட ஒரு விநாடி வித்தியாசம். சென்னை டிராக்கைக் கேட்டுப் பாடிய குரல் தப்பிவிடும், கிரிட்டில் குவான்டைஸ் செய்த (அடிக்கோடுகளுக்கு இழுத்து ஒட்டிய) கீபோர்டு மாட்டிக்கொள்ளும். மிடி கோப்பில் (ஒலி இல்லாமல் வாசிப்புக் குறிப்புகள் மட்டும் உள்ள கோப்பு) டெம்போ, அதாவது வேகம், பதிவாகாவிட்டால் மென்பொருள் 120 என்றே எடுத்துக்கொள்ளும். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை மாற்றாமல் 48இல் ஓட்டினால் வேகம் 8.8 சதவீதம் கூடும். சுருதியும் ஏறிவிடுவதால் அது காதிலேயே பிடிபடும்.

தவறு தெரிந்ததும் டெம்போ கட்டத்தில் கை வைப்பது அடுத்த தவறு. ஆடியோ நேரத்தோடு கட்டப்பட்டிருக்கிறதா, அடியோடா என்று முதலில் பார்க்கணும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் புதிய புராஜெக்ட்டில் இயல்பாகவே அடியோடு கட்டியிருக்கும். எண்ணை மாற்றினால் குரலும் சேர்ந்து நீளும்.

கர்நாடக இசைக்கு மெட்ரோனோமை அப்படியே விடுவது சரிவராது. மிஸ்ர சாப்பை (3+4 என்று ஏழு அடித் தாளம்) 7/8 என்று போட்டால் முதல் அடி மட்டும் அழுத்தமாகத் தட்டும், மற்ற ஆறும் ஒரே மாதிரி. தகிட முடிந்து தகதிமி எங்கே தொடங்குகிறது என்று பாடகருக்குத் தெரியாது. தனி மிடி டிராக்கில் 1க்கு உரத்த தட்டு, 4க்கு நடுத்தரம், மற்றவற்றுக்கு மெல்லிசாக என்று கிளிக் எழுதிக்கொள்வதே மேல். எடுப்பு தள்ளி வரும் (தாளம் தொடங்கிச் சற்றுப் பிறகே தொடங்கும்) பாட்டை, வசதிக்காக முதல் பாரின் தொடக்கத்துக்கு இழுக்கக் கூடாது. இழுத்தால் சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) எங்கே என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது. கிளிக் இல்லாமல் வாசித்த பதிவுக்கு டெம்போ மேப் (எங்கெங்கே என்ன வேகம் என்ற குறிப்பு) போடும்போது மிருதங்கத்தின் சமத்தில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். ஒவ்வொரு அடிக்கும் வைத்தால் கிளிக் நொண்டும்.

அனுப்பும்போது எல்லா டிராக்கும் பூஜ்யத்திலிருந்து, இரண்டு பார் கவுண்ட்-இன்னோடு (பாட்டுக்கு முன் எண்ணும் தட்டோடு), கோப்புப் பெயரிலேயே 92.3, 48 என்று எழுதி. கூடவே டெம்போ மேப் உள்ள மிடி கோப்பு ஒன்று.


கடைசி கார்வையில் (நீட்டிப் பிடிக்கும் இடத்தில்) மட்டும் கிளிக்கை நிறுத்திவிடுங்கள்; தம்புராவுக்கு நடுவே ஹெட்போனிலிருந்து மைக்குக்குக் கசியும் 'டிக்' மிக்ஸில் மறையவே மறையாது.