ரோஸ் பவுலில் பார்த்த பிள்ளைகள்

2022 புத்தாண்டு மாலை. கொலம்பஸில் எங்கள் வீட்டு மேசையில் பாயசம் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. நான் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். அமெரிக்கக் கால்பந்தில் ஓஹையோ ஸ்டேட், யூட்டா பல்கலைக்கழக அணிகள் மோதிய ரோஸ் பவுல் ஆட்டம் அது. எங்கள் ஊர் அணியான ஓஹையோ ஸ்டேட்டின் இரண்டு பெரிய ரிசீவர்கள் (எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்), காரெட் வில்சனும் கிறிஸ் ஒலாவேயும், கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை. கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா 15 பந்துகளைப் பிடித்து 347 கஜம் சேர்த்தார், மூன்று டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டுவது. அதுவரை பெஞ்சில் அதிகம் உட்கார்ந்திருந்த மார்வின் ஹாரிசன் ஜூனியருக்கும் மூன்று. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் சி. ஜே. ஸ்ட்ரவுட் எறிந்த ஆறு டச் டவுன்களையும் இவர்கள் இருவருமே பங்கிட்டுக்கொண்டார்கள். 48-45 என்று வென்றோம். பாயசத்தை நள்ளிரவில் சூடுசெய்து குடித்தேன்.

அன்று முளைத்த மயக்கம்தான் இரண்டு வருடம் கழித்து என்னை ஒரு மோசமான வியாபாரத்தில் கொண்டுபோய்த் தள்ளியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஃபேன்டசி ஃபுட்பால் என்றால் என்னவென்று அம்மாவுக்கு ஒருமுறை தொலைபேசியில் விளக்கினேன். நிஜமான ஆட்டக்காரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் செய்வதெல்லாம் நமக்குப் புள்ளி. எங்கள் லீக்கில் ஒரு பந்தைப் பிடித்தால் ஒரு புள்ளி, பத்து கஜம் முன்னேறினால் ஒரு புள்ளி, டச் டவுனுக்கு ஆறு. "கஜமா? புடவைக் கணக்கா?" என்றார் அம்மா. அடுத்த கேள்வி, "சூதாட்டமாடா இது?" இல்லை என்று சொல்லிவிட்டேன். கடைசி இடம் பிடிப்பவர் தீபாவளி விருந்துக்கு மட்டன் பிரியாணி போட வேண்டும் என்பதை மறைத்துவிட்டேன்.

பன்னிரண்டு பேர் கொண்ட லீக் எங்களுடையது. டைனஸ்டி வகை, அதாவது எடுத்த ஆட்டக்காரர் வருடாவருடம் நம்மிடமே இருப்பார். அதனால் இளம் ரிசீவரை எடைபோடுவதுதான் இந்த விளையாட்டின் உயிர். ஒருவர் நன்றாக ஆடத் தொடங்கிவிட்டால் பிறகு யாரும் விற்கமாட்டார்கள். ஆடுவதற்கு முன்பே மோப்பம் பிடிக்க வேண்டும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல.

2023இல் என்ஜிக்பாவை நான்தான் எடுத்தேன். அவ்வருட டிராஃப்டில் ரிசீவர்களில் முதலாவதாக, மொத்தத்தில் 20ஆவதாக, சியாட்டில் சீஹாக்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. கல்லூரியின் கடைசி வருடம் தொடைத் தசைக் காயத்தில் வீணாகி, மூன்று ஆட்டங்களில் ஐந்தே பந்துகள்தான் பிடித்திருந்தார். நேர்கோட்டு ஓட்டத்தில் பிரமாதமில்லை என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனையை 6.57 வினாடியில் முடித்திருந்தார். ஒரு ரிசீவர் தன்னைக் காவல் காப்பவனிடமிருந்து கழன்றுகொள்வது பெரும்பாலும் வேகத்தால் அல்ல, சடாரென்று நின்று திரும்புவதால். அந்த எண்ணை நம்பி எடுத்தேன். அதுவரை புத்திசாலி.

முதல் வருடம் 63 பிடிப்பு, 628 கஜம், 4 டச் டவுன். எங்கள் கணக்கில் 150 புள்ளிக்குச் சற்றே குறைவு. பிடித்த பந்துக்குப் பத்து கஜம்கூடத் தேறவில்லை. பிலடெல்பியாவுக்கு எதிராக டிசம்பரில், 28 வினாடிகள் மிச்சமிருக்கும்போது 29 கஜ டச் டவுன் பிடித்து ஆட்டத்தை வென்று கொடுத்தார். அன்று கூரை இடிய நான் கத்தியது உண்மை. ஆனால் அடுத்த நாளே நான் பார்த்தது அந்த 150ஐத்தான்.

நான் பார்க்கத் தவறியது இது. அந்த அணியில் அவர் மூன்றாவது ஆள். டைலர் லாக்கெட்டை நோக்கி 122 பந்துகள் எறியப்பட்டன, டி. கே. மெட்காஃபை நோக்கி 119, இவரை நோக்கி 93. இப்படி எறியப்படும் பந்துக்கு டார்கெட் என்று பெயர். குவார்ட்டர்பேக்குக்குப் பந்தை விடுவிக்க மூன்று வினாடிகூடக் கிடைக்காது; அதற்குள் அவர் கண் யார்மேல் விழுகிறது என்பதுதான் விஷயம். ஏற்கெனவே பெயர் எடுத்த இருவர் பக்கத்தில் நிற்க, ஆகஸ்டில்தான் மணிக்கட்டு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு 21 வயதுப் புதுமுகம் 93 பந்துகளைத் தன் பக்கம் இழுத்திருக்கிறார் என்றால், அது கொஞ்சமா? கூட்டுக் குடும்பத்துக்குள் கடைசி மருமகளாக நுழைந்து முதல் வருடமே சமையலறைச் சாவியில் ஒன்றை வாங்குவது மாதிரி. லாக்கெட்டுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது என்பதும் தெரிந்ததே. நான் அந்தக் கணக்கைப் போடவில்லை. அணியின் நெரிசலை ஆளின் குறையாக வாசித்துவிட்டேன்.

2024 டிராஃப்டில் அரிசோனா கார்டினல்ஸ் ஹாரிசனை நான்காவதாக எடுத்தது. அப்பா மார்வின் ஹாரிசன், 2002இல் ஒரே பருவத்தில் 143 பந்துகளைப் பிடித்தவர், பின்னாளில் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனவர். மகன் கல்லூரியின் கடைசி இரண்டு வருடங்களிலும் தலா 14 டச் டவுன், 2023இல் சிறந்த கல்லூரி ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது. டிராஃப்டுக்கு முன் ஒரு சோதனைக்கும் அவர் ஓடிக் காட்டவில்லை. ஓடிக் காட்ட அவசியமில்லாத ஆள் என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். வளைந்து ஓடும் வினாடிக் கணக்கை வைத்து முந்தைய வருடம் ஆளெடுத்தவன் பேசுகிற பேச்சா அது!

எங்கள் லீக்கிலும் புதுமுகங்களை முறைவைத்துத்தான் எடுப்போம்; அந்த வருடம் முதல் தேர்வு என் மைத்துனனிடம் இருந்தது. மனைவியின் தம்பி, சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவில் இருக்கிறான், சீஹாக்ஸ் வெறியன். போன வருடப் பிரியாணி அவன் போட்டதுதான், கொஞ்சம் உப்பு அதிகம். "அத்தான், என்ஜிக்பாவையும் உங்கள் ஐந்தாவது தேர்வையும் கொடுங்கள், ஹாரிசனை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான். நான் ஒரு மணிநேரம் யோசிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு ஒப்புக்கொண்டேன். இரக்கம்கூட வந்தது, பாவம், சொந்த ஊர்ப் பாசத்தில் ஏமாறுகிறானே என்று. ஊர்ப் பாசத்தில் ஏமாந்தது யார் என்பது அப்போது தெரியவில்லை.

பழைய பையனைக் கொடுத்துப் புதுப் பையனை வாங்குகிறேன் என்பது என் நினைப்பு. பிறந்த தேதியைப் பார்த்திருக்கலாம். ஒருவர் 2002 பிப்ரவரி, மற்றவர் அதே வருடம் ஆகஸ்ட். ஆறு மாத வித்தியாசம்! ஒரு வருடத் தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்துவிட்டதாலேயே ஒருவர் என் கண்ணுக்குக் கிழவராகிவிட்டார். இன்னும் எதையும் பார்க்காததாலேயே மற்றவர் குறையற்றவராக இருந்தார்.

முதல் வாரம் பஃபலோவுக்கு எதிராக ஹாரிசன் ஒரு பந்து பிடித்தார், 4 கஜம். மைத்துனனிடமிருந்து குறுஞ்செய்தி ஏதும் வரவில்லை. அந்த மௌனம் மரியாதைக்குரியது. இரண்டாம் வாரம் ராம்ஸ் அணியுடன் முதல் கால்பகுதியிலேயே 130 கஜம், இரண்டு டச் டவுன். நான் அவனுக்கு மூன்று செய்திகள் அனுப்பினேன். என் பண்பு அவ்வளவுதான்.

பருவ முடிவில் ஹாரிசன் 62 பிடிப்பு, 885 கஜம், 8 டச் டவுன். 200ஐ எட்டாத புள்ளிகள். கெட்ட வருடம் அல்ல. ஆனால் என்ஜிக்பா சரியாக 100 பிடித்து 1,130 கஜம். மெட்காஃப் காயத்தால் இறங்காத நவம்பர் ஆட்டத்தில் 180 கஜம், இரண்டு டச் டவுன். கதவு கொஞ்சம் திறந்ததும் உள்ளே யார் நின்றுகொண்டிருந்தார் என்று தெரிந்துவிட்டது. அந்த ஐந்தாவது தேர்வில் மைத்துனன் யாரை எடுத்தான் என்று கேட்கிறீர்களா? ஜாக்சன்வில் அணியின் ரிசீவர் பிரையன் தாமஸ் ஜூனியர். 1,282 கஜம், 10 டச் டவுன். வலது கன்னத்திலும் இடது கன்னத்திலும் அறை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. டார்கெட்டே வேதம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஹாரிசனை நோக்கி 116 பந்துகள் எறியப்பட்டன, புதுமுகத்துக்கு அது நல்ல பங்கு. பிடித்தது பாதியைச் சற்றுத் தாண்டித்தான். என்ஜிக்பா அதே வருடம் 137இல் நூறு. வித்தியாசம் கையில் மட்டுமில்லை. ஹாரிசனை மைதானத்தின் ஓரத்தில் தனியாக நிறுத்தி, நீளமான, எல்லைக்கோட்டை ஒட்டிய பந்துகளை எறிந்தார்கள். எளிதான நடுமைதானப் பந்துகள் அதே அணியில் டைட் எண்ட் என்னும் இடத்தில் ஆடும் டிரே மெக்பிரைடுக்குப் போயின. அவர் 111 பிடித்தார். பிடிப்புக்கு ஒரு புள்ளி தரும் எங்கள் லீக்கில் அந்த எளிய பந்துதான் அன்றாடச் சோறு. ஆகவே எத்தனை பந்து என்பதோடு எந்த மாதிரிப் பந்து என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இதை நான் ஆட்டத்தை முழுதாகப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஞாயிறு மதியம் முழுக்க சோபாவில் கிடப்பதை ஆராய்ச்சி என்றால் வீட்டில் எடுபடுவதில்லை.

2025இல் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், வலிக்கிறது. மார்ச்சில் சியாட்டில் மெட்காஃபை பிட்ஸ்பர்குக்கு அனுப்பியது, லாக்கெட்டை விடுவித்தது. என்ஜிக்பா 1,793 கஜத்தோடு என்எஃப்எல்லிலேயே முதலிடம், வருடத்தின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது. எங்கள் லீக்கில் மைத்துனன் கோப்பையை வென்றான். ஒரே ஆறுதல், தாமஸ் ஆயிரம் கஜத்தைக்கூடத் தொடவில்லை. முதல் வருடம் பத்து டச் டவுன் பிடித்தவருக்கு இரண்டாம் வருடம் பந்து கையிலிருந்து நழுவுவதே பேச்சாகிவிட்டது. அப்படியானால் முதல் வருட எண்ணைக் கண்டு ஏமாறுவது இரண்டு திசையிலும் நடக்கிறது. இதை அவனிடம் சொன்னேன். "ஆமாம் அத்தான்" என்று சொல்லிக் கோப்பையின் படத்தை அனுப்பினான்.

அந்த ரோஸ் பவுலில் மூன்றாவதாக ஒருவரும் இருந்தார். எதிரணி உதைத்தனுப்பும் கிக்காஃப் பந்துகளைப் பிடித்துத் திருப்பி ஓடிக்கொண்டிருந்த முதலாண்டு மாணவர், எமேகா எக்புகா. பின்னாளில் ஓஹையோ ஸ்டேட் வரலாற்றிலேயே அதிக பந்து பிடித்தவர் ஆனார், 205. 2025 டிராஃப்டில் 19ஆவதாக டாம்பா பே அவரை எடுத்தது. எங்கள் லீக்கில் நான் எடுத்தேன். ஆம், மறுபடியும் கொலம்பஸ் பையன். மருத்துவர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னால் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்களா?

முதல் ஆட்டத்திலேயே அட்லாண்டாவில் இரண்டு டச் டவுன். அந்த அணியின் மூத்த ரிசீவர்கள் மைக் எவன்ஸும் கிறிஸ் காட்வினும் மாறி மாறிக் காயத்தில் கிடந்ததால் முதல் மாதம் எல்லாப் பந்தும் இவருக்குத்தான் என்பதுபோல இருந்தது. பிற்பாதியில் ஊற்று வற்றியது. பந்துகள் வந்துகொண்டுதான் இருந்தன, கைக்கு வந்து சேரவில்லை. இதற்கு என்ன பொருள்? முன்பு சொன்ன கணக்குப்படி, பெரியவர்கள் இல்லாதபோது பந்தைத் தன் பக்கம் இழுத்தவர், நல்ல அறிகுறி. அதே கணக்குப்படி, இழுத்த பந்தைப் பிடிக்காதவர். அக்டோபரில் தொடைத் தசை பிடித்துக்கொண்டதையும் நான் ஓரமாக எழுதி வைத்திருக்கிறேன். தொடைத் தசையை வைத்து ஒருவரை முன்பே தவறாக எடைபோட்டவர்கள் உண்டு.

போன வாரம் மைத்துனனிடமிருந்து செய்தி. "அத்தான், எக்புகாவை என்ன விலைக்குத் தருவீர்கள்?"

அவன் கேட்கிறான் என்பதே எனக்கு இப்போது ஒரு புள்ளிவிவரம். "என்ஜிக்பா" என்று ஒரே சொல் அனுப்பினேன். சிரிக்கும் முகங்கள் ஏழு வந்தன. கொஞ்ச நேரம் கழித்து, "தாமஸும் உங்கள் அடுத்த வருட இரண்டாம் சுற்றுத் தேர்வும் என்றால்?" என்று கேட்டான். தாமஸைத் தருகிறானா, என்னிடமிருந்து இரண்டாம் சுற்றைக் கேட்கிறானா என்று புரியாமல் மூன்று முறை படித்தேன். விளக்கம் கேட்கவில்லை. தீபாவளிக்கு அவன் குடும்பத்தோடு இங்கே வருகிறான்; பிரியாணி இந்த முறை என் தலையில்.